முதுகில் எழுந்த நிரல்

ஒரு மென்பொருள் கம்பெனி மீது வழக்குப் போட்ட மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கணினி நிரல் எழுதும் அந்தப் பெண்மணி குளித்துவிட்டு வந்தபோது அவருடைய முதுகில் அவர் எழுதிய நிரலின் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் எழும்பியிருந்தன. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதை எழுதிய தேதி இருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி அது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், ஆனால் திருத்தியதையும் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்ற உரிமத்தோடு அவர் வெளியிட்டிருந்தார். கம்பெனி எடுத்துக்கொண்டது, பூட்டி விற்றது, கேட்டதற்கு, எழுதியதே நாங்கள்தான் என்றது.

தேதிகளைப் பார்த்ததும் அவருடைய வக்கீலுக்கு வாயெல்லாம் பல். கம்பெனி வக்கீல் அசரவில்லை. முதுகில் இருப்பது தங்கள் தொழில் ரகசியம் என்றார். தீர்ப்பு வரும்வரை அதை மூடி வைக்க வேண்டும், பார்ப்பவர்கள் ரகசியம் காப்பதாகவும் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை என்றும் கையெழுத்திட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கணவர் கையெழுத்திட்டார். மகளுக்கு நாலு வயது. மைனர் கையெழுத்து செல்லாது. அன்றிலிருந்து அம்மா கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு தனி அறையில் படுத்தார். கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்த பிள்ளை, அப்பாவோடு தூங்கப் பழகிக்கொண்டது.

வாய்தா மேல் வாய்தா. ஐந்து நீதிபதிகள் மாறினார்கள். பதினாலாம் வருடம் தீர்ப்பு வந்தது. அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கம்பெனி எப்போதோ கைவிட்டுவிட்டதால் தீர்மானிக்க ஒன்றுமில்லை, வழக்கு தள்ளுபடி.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். கல்லூரியில் அதே படிப்புப் படிக்கும் மகள் வந்து, முதன்முறையாக அம்மாவின் முதுகை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள்.

"அம்மா, இருநூத்தி ஆறாவது வரியில தப்பு இருக்கும்மா."

"தெரியும். பதினாலு வருஷமா அங்கதான் அரிக்குது."

"அப்பாகிட்ட சொல்லித் திருத்தியிருக்கலாமே?"

"உங்கப்பாதான் கையெழுத்துப் போட்டுட்டாரே."

மகள் பேனாவை எடுத்துத் திருத்தினாள். மை தோலோடு சேர்ந்துகொண்டது, அரிப்பு நின்றது.

"கொஞ்ச நேரம் இங்கயே படேன்" என்றார் அம்மா.

"நாளைக்குப் பரீட்சைம்மா" என்று மகள் எழுந்து போனாள்.

வரிகள் இன்னும் இருக்கின்றன. சளி, காய்ச்சல் என்று போனால் டாக்டர் அவற்றின் மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்கிறார்.