மடித்துவிட்ட சட்டைக் கை

கையில் காசில்லை என்று சொல்ல வருகிறவர்கள் இப்படியா கோர்ட்டுக்கு வருவார்கள்? சட்டைக் கம்பெனியில் இஸ்திரி போடும் ஆணும் பெண்ணும் மொத்தமாக வெள்ளைச் சட்டையில், கையை முழங்கை வரை அழகாக மடித்துவிட்டு, மொடமொடவென்று வந்து நின்றார்கள். எல்லாம் பழக்கதோஷம். கசங்கிய துணியோடு வெளியே போக அவர்களுக்கு மனசே வராது.

அவர்களுடைய வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! கோர்ட் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேட்கப் போறோம். நீங்க என்னடான்னா மாப்பிள்ளை முறுக்கோட வந்து நிக்கிறீங்க!"

"கோர்ட்டுக்குக் கசங்கலா வந்தா மரியாதையா இருக்காதேம்மா" என்றாள் கூட்டத்துக்கு முன்னால் நின்ற மடிப்பக்கா. இந்தச் சட்டை யோசனையே அவளுடையதுதான். அவள் வாய்க்குப் பயந்து சூப்பர்வைசரே சுற்றுவழியில் போவார்.

உள்ளே கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். "ஐயா, இவங்களா ஏழைங்க? போட்டிருக்கிறதெல்லாம் எங்க கம்பெனி சட்டை. கடையில என்ன விலைன்னு விசாரிச்சுப் பாருங்க!"

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஓவர்டைம் கூலி கேட்டு எல்லோரும் சேர்ந்து போட்ட வழக்கு. கட்டணம் கட்டச் சொன்னால் இன்றே படுத்துவிடும். 'என்னாலதானே கெட்டது' என்று மடிப்பக்காவுக்கு அழுகை முட்டியது. அழுகையை முந்திக்கொண்டு வாய் வந்துவிட்டது.

"சட்டை கம்பெனி குடுத்ததுதாங்கய்யா. ஓவர்டைம் கூலிக்குப் பதிலா குடுத்தாங்க. ஏம்ப்பா, எல்லாரும் மடிச்ச கையை இறக்கிவிடுங்க!"

இறக்கினார்கள். எல்லாச் சட்டையிலும் ஒரு கை விரலை மூடியது. இன்னொரு கை முழங்கையைத் தாண்டவே இல்லை. டவாலி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"அது வெட்டும்போதே தப்பாகிக் கழிச்சுப் போட்ட சரக்குங்கய்யா!" கம்பெனி வக்கீல் கத்தினார். "சல்லிக்காசு பெறாது!"

"கேட்டுக்குங்கய்யா" என்றாள் மடிப்பக்கா, பூனைபோல. "அதைத்தான் எங்களுக்குக் கூலின்னு குடுத்தாங்க."

கம்பெனி வக்கீலுக்கு இனி சொன்னதை விழுங்க வழியில்லை.

"கட்டணம் தள்ளுபடி" என்றார் நீதிபதி. "சல்லிக்காசு பெறாதுன்னு இவர் சொன்னதையும் பதிவு பண்ணுங்க."

வெளியே வந்ததும் வக்கீலம்மா மூச்சுவிட்டார். "அடுத்த தடவையாவது சாதாரணமா வாங்க, தாயே!"

மடிப்பக்கா அவருடைய கசங்கிய கறுப்புக் கோட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதைக் கழட்டிக் குடுங்கம்மா, தேச்சுத் தர்றேன். இதைப் பார்த்தா தள்ளுபடி உங்களுக்குத்தான் வேணும்போல இருக்கு."