இரண்டு விரற்கடை

புதுக் கார் புக் பண்ணப் போகிறவர்கள் ஐ.சி. அட்டையையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போவார்கள். வீரமுத்து சட்டைப் பையில் ஒன்றரை முழ ராஃபியாக் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு போனார். சம்பளச் சீட்டு மகன் தர்மராஜிடம் இருந்தது. கடன் அவன் பேரில்தான். அறுபத்திரண்டு வயதில் காண்டிராக்டில் செம்பனைக் குலை வெட்டுகிற மனிதருக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்? இ.பி.எஃப்.பில் மிச்சமிருந்ததை முன்பணமாகக் கொடுத்ததோடு அவர் பங்கு முடிந்தது. மீதியை ஒன்பது வருஷம் பையன் கட்ட வேண்டும்.

கயிற்றில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. முதல் முடிச்சு எஸ்டேட் கேட்டில் இருக்கிற மேட்டின் உயரம். பழம் திருடுகிற லோரிகள் பறந்துவிடக் கூடாது என்று கம்பெனி ஒரு பழைய இரும்புக் குழாயைப் பாதையின் குறுக்கே படுக்கப் போட்டு, மேலே சிமெண்டைப் பூசி வைத்த மேடு அது. அதற்கப்புறமும் திருடர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், அது வேறு கதை. இரண்டாவது முடிச்சு மனைவி பஞ்சாலையின் சக்கர நாற்காலி இருக்கையின் உயரம். காரின் சீட்டும் அதே உயரத்தில் இருந்தால் அவள் குறுக்கே போட்ட பலகையில் நகர்ந்தே உள்ளே போய்விடுவாள். யாரும் தூக்க வேண்டியதில்லை. தூக்கினால் அவளுக்குப் பிடிக்காது.

சர்க்கரை முதலில் அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது, பிறகு கிட்னியையும் கேட்டது. வாரத்தில் மூன்று நாள் போர்ட்டிக்சனுக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். இத்தனை நாள் நல்லசாமியின் வேன் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனது. நல்லசாமி அந்த மாதக் கடைசியோடு வேனை விற்றுவிட்டு ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். கார் வாங்குவதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள், பேசட்டும்.

லுக்குட்டில் இருந்த அந்த ஷோரூமில் குளிர் எலும்பு வரை போனது. பெட்ரிசியா என்ற பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். அவளும் எஸ்டேட்டில் பிறந்தவள்தானாம், சி ரூசா சர்ச்சுக்குப் பக்கத்தில் வீடாம். இரண்டு பேருக்கும் மைலோ கொண்டுவந்து வைத்துவிட்டு வழவழப்பான ஒரு புத்தகத்தைப் பிரித்தாள்.

"காடி ஓகேன்னா, இனிமே எக்ஸ்ட்ரா எதெது வேணும்னு பாத்துக்கலாம் பிரதர். எல்லாத்தையும் லோனுலயே சேத்திரலாம், மாசம் கொஞ்சந்தான் லா ஏறும்."

பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கறுப்புக் கண்ணாடி, தோல் சீட்டு, பின்னால் ஒரு சிறகு, சக்கரத்துக்குப் பளபளப்பான ரிம், கதவைத் திறந்தால் தரையில் விழுகிற நீல வெளிச்சம். வீரமுத்து ஒவ்வொரு பக்கத்தையும் மெனக்கெட்டுப் பார்த்தார். கால் இல்லாத ஒரு பொம்பளை பிடித்துக்கொண்டு ஏற ஒரு கைப்பிடி எந்தப் பக்கத்திலாவது இருக்கும் என்று நினைத்தார். தரைக்கு நீல வெளிச்சம் யோசித்தவனுக்கு அது தோன்றவில்லை.

தர்மராஜின் கண் பளபளத்தது. அதைப் பார்க்க அவருக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. செனவாங் ஃபேக்டரியில் ஆறு வருஷமாக நைட் ஷிப்ட் பார்க்கிறான். அப்பாவின் ஓட்டை மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறான். தனக்கென்று ஒரு நல்ல கைக்கடிகாரம் கூட வாங்கியதில்லை. முப்பது வயதில் முதல்தடவையாக ஒருத்தி எதிரே உட்கார்ந்து உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறாள்.

"சாதா காடியா எடுத்தா எப்ப கெடைக்கும்?" என்று அவன் கேட்டான்.

"சாதான்னா மூணு மாசம் ஆகும். ரெடி ஸ்டாக் ஒன்னே ஒன்னுதான் இருக்கு. வெள்ளக் கலரு, ஃபுல் பாடிகிட்டு, தோல் சீட்டு, கறுப்புக் கண்ணாடியோட. ரெண்டே வாரத்துல கையில சாவி."

மூணு மாசம். வேன் இருப்பது இன்னும் பதினெட்டு நாள். வீரமுத்துவுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சாலை இரண்டு தடவை டயாலிசிஸைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார். முகம் வீங்கி, மூச்சுக்குத் திணறி, பேர் சொல்லிக் கூப்பிட்டதற்குக் கூட அவள் திரும்பவில்லை.

"பாடிகிட்டுன்னா என்னம்மா?" என்று கேட்டார்.

பெட்ரிசியா எழுந்து அவர்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அந்த வெள்ளைக் கார் நின்றது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முன்னாலும் பக்கவாட்டிலும் பாவாடை கட்டிவிட்ட மாதிரி ஏதோ கீழே இறங்கியிருந்தது.

வீரமுத்து பையிலிருந்து கயிற்றை எடுத்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு நுனியைத் தரையில் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, முன் பம்பரின் அடியில் கயிற்றை நிமிர்த்தினார். இரண்டாவது முடிச்சைப் பற்றிப் பிரச்சினையே இல்லை, கதவைத் திறந்து அளந்ததில் சீட்டு சரியாக இருந்தது. முதல் முடிச்சுதான் இடித்தது. பாவாடை முடிச்சுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அப்படியே எழுந்து ஷோரூமின் நடுவில் நின்ற சாதாக் காரிடம் போய் அதையும் அளந்தார். அது முடிச்சுக்கு மேலே இரண்டு விரற்கடை நின்றது.

"ப்பா, எந்திரிங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"கேட்டு மேட்டுல இடிக்கும்யா."

"மெதுவா சாய்ச்சி ஏத்துனா ஏறிரும்பா. இல்லன்னா மேனேஜருகிட்ட சொல்லி மேட்டைக் கொஞ்சம் செதுக்கச் சொல்லலாம். ஒரு மேட்டுக்காகவா மூணு மாசம் அம்மாவைக் காக்க வைக்கிறது?"

அம்மாவின் பேரைச் சொன்னபிறகு அவர் என்ன பேசுவார்? பையன் சொன்னதில் பொய்யும் இல்லை. அந்தப் பாவாடை மேல் அவனுக்கு ஆசை இருந்தது என்பதும் பொய் இல்லை. இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது எவ்வளவு என்று பிரிக்க அவரிடம் கயிறு இல்லை.

"இதக் கழட்டிட்டுக் குடுக்க முடியாதாம்மா?"

"ஒட்டி ஸ்க்ரூ பண்ணது அங்கிள். கழட்டுனா ஓட்டையா தெரியும், வாரண்டியும் போயிரும். பேங்குக்கும் கிட்டோட வெலையத்தான் அனுப்புவோம்." பெட்ரிசியா தர்மராஜைப் பார்த்தாள். பிறகு மரியாதைக்காக இவர் பக்கம் திரும்பினாள். "ஓகேவா அங்கிள்? கஸ்டமர் சந்தோஷமா சைன் பண்ணணும். நான் ரிவர்ஸ் சென்சர் ஃப்ரீயா போட்டுத் தரேன்."

இந்த இடத்தில்தான் வீரமுத்து வாயைத் திறந்திருக்க வேண்டும். வேண்டாம், இன்னொரு கடையில் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பையன் கேட்டிருப்பான். முணுமுணுத்துக்கொண்டாவது கேட்டிருப்பான். ஆனால் நாற்பது வருஷமாக எஸ்டேட் ஆபிஸ் கவுண்டருக்கு முன்னால் நின்று பழகிய கழுத்து அது. மேஜைக்கு அந்தப் பக்கம் பேனாவோடு உட்கார்ந்திருப்பவர் ஓகேவா என்று கேட்டால் அது கேள்வி இல்லை, கையெழுத்துப் போடும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கணக்கெழுதும் கிராணி கேட்டபோது ஆட்டிய மாதிரியே இப்போதும் அந்தத் தலை ஆடியது. ஆடிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

மறுநாள் வேலை முடிந்து, குலை வெட்டிய உடுப்போடு அசிஸ்டண்ட் மேனேஜரைப் போய்ப் பார்த்தார். சின்ன வயசு மலாய்க்காரப் பையன், மரியாதையானவன். விஷயத்தை முழுசாகக் கேட்டான். கேட்டின் மேடு கம்பெனி செக்யூரிட்டி சமாச்சாரம், அதில் கை வைக்க கோலாலம்பூரிலிருந்து கடிதம் வர வேண்டும், மனுவாக ஒரு சூராட் எழுதிக் கொடுங்கள் என்றான். தொழிலாளர் லயத்தில் நன்றாக மலாய் எழுதுகிற ஒரு பெண்ணைப் பிடித்து எழுதிக் கொடுத்தார். கடிதம் வரவில்லை. மனைவிக்குக் கால் இல்லை என்று கோலாலம்பூருக்கு எழுதினால் அங்கே யார் பதறப் போகிறார்கள்?

வேன் கடைசியாக வந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் கார் வந்தது. சாமி கும்பிட்டு எலுமிச்சம்பழம் நசுக்க முனியாண்டி கோயில் வாசலில் பூசாரி காத்திருந்தார். கோயில் கேட்டைத் தாண்டி உள்ளே. தர்மராஜ் கேட்டில் நிறுத்தி, இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி, ஒரு பக்கச் சக்கரத்தை முதலில் விட்டுச் சாய்த்து ஏற்றினான். கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகாக்காரன் கையைக் காட்டி வழி சொன்னான். சரக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வீரமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு தர்மராஜ் பம்பருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். ஒரு கை நீளத்துக்கு வெள்ளை உரிந்து கறுப்பு தெரிந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தான். தவறிக்கூட அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

"கழட்டிரலாமாய்யா?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"கழட்டுனா ஓட்டை ஓட்டையா நிக்கும்பா. ஒம்பது வருஷம் அதையே பாத்துக்கிட்டு எப்படிப்பா கட்டுவேன்?"

அதற்குமேல் அவரால் வற்புறுத்த முடியவில்லை. முன்பணம் என்னுடையதுதானே என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஒன்பது வருஷம் கண் விழிக்கப் போகிறவன் அவன். பூசாரியே கேட்டுக்கு நடந்து வந்து கற்பூரம் காட்டினார். நாலு சக்கரத்துக்கு அடியிலும் பழம் வைத்தார்கள். கார் முன்னால் போகாமல் பின்னால் நகர்ந்து அவற்றை நசுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீரமுத்து சாக்கில் செம்மண்ணை அள்ளிப் போட்டு மேட்டின் இரண்டு பக்கமும் சரிவு கட்டினார். முதுகு விட்டுப்போனது. பொழுது சாய்வதற்குள் இரண்டு பழ லோரி போய் வந்தது. சாக்கு கிழிந்து மண் பாதையெங்கும் பரவி, மேடு மட்டும் பழையபடி குத்துக்கல்லாக நின்றது.

திங்கட்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. லயத்திலிருந்து கேட்டுக்கு முக்கால் கிலோமீட்டர். அந்தச் சேற்றில் சக்கர நாற்காலியின் முன் சக்கரங்கள் பத்தடி கூட உருளாது. மோட்டாரில் ஏற்றியதில் பஞ்சாலை போன வருஷம் ஒருமுறை விழுந்திருக்கிறாள், அது இனி ஆகாது. யோசிக்க வேறு எதுவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த, செம்பனைப் பழம் தள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டியை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். உள்ளே தலையணையைப் போட்டு, அதன் மேல் ஒரு பழைய கைலியை விரித்தார்.

பஞ்சாலை அதைப் பார்த்தாள்.

"புதுக் காடின்னு சொன்னீங்க," என்றாள்.

"கேட்டுல நிக்குது. அதுவரைக்கும்தான்."

"பழ வாசனை போகலீங்க."

"கழுவுனேன்மா. ரெண்டு தரம் கழுவுனேன்."

அவள் கையை நீட்டினாள். தூக்கினால் பிடிக்காது என்றவள் தானாகவே கையை நீட்டியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தூக்கி வைத்தார். இரண்டாவது முடிச்சு போட்டதற்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று.

தர்மராஜ் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன், நாற்காலியை மடக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். வண்டியை நான் தள்ளுறேன் என்றுதான் முதலில் கேட்டான். பழக்கமில்லாதவன் தள்ளினால் ஒற்றைச் சக்கரம் கவிழ்த்துவிடும் என்று வீரமுத்து விடவில்லை. வழியெல்லாம் அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. சேற்றுக்கு நடுவில் பஞ்சாலை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இருக்கிற காலை மடக்கி, குலை கணக்கில் போகிற மாதிரிப் போனாள். லயத்துச் சனம் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

கேட்டில் ஜாகாக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மேட்டில் சக்கரத்தை ஏற்றி இறக்கியபோது பஞ்சாலை பல்லைக் கடித்துக்கொண்டாள். வீரமுத்து அவளைத் தூக்கித் தோல் சீட்டில் உட்கார வைத்தார். சீட்டில் சேறு பட்டுவிடுமோ என்று அவள் சேலையைச் சுருட்டிப் பிடித்தாள்.

"சாஞ்சு ஒக்காரும்மா, ஒன் காடிதான்," என்றான் தர்மராஜ். கதவைச் சாத்தினான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் தெரியவில்லை.

வீரமுத்து தள்ளுவண்டியைப் பிடித்தபடி காருக்குப் பின்னால் நின்றார். அவள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாளா என்று பார்த்தார். காரைத் திருப்ப தர்மராஜ் ரிவர்ஸ் போட்டான். உள்ளே ஏதோ விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது, பிறகு விடாமல் கத்தியது. டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கியது.

"ப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. சென்சர் சத்தம் போடுது."

"ஆங், சரிய்யா," என்று தலையாட்டினார். தள்ளுவண்டியோடு தள்ளி நின்றார். சத்தம் நின்றது.

கார் லிங்கி ரோட்டில் திரும்பும்வரை நின்றுவிட்டு, தலையணையையும் கைலியையும் எடுத்து ஜாகாக்காரனின் கூண்டில் நனையாமல் வைக்கக் கொடுத்தார். ஒரு மணிக்கு தர்மராஜ் அவளைத் திரும்பக் கூட்டிவருவான். அதற்குள் அந்த வண்டியில் பழம் தள்ள வேண்டியிருந்தது.