முப்பத்தேழாம் கல்

பழைய ரயில் பாதையின் வரைபடத்தில் அறுபது எல்லைக் கற்கள் இருந்தன. தரையில் ஒன்றுகூட இல்லை. சர்வேயர் நான்கு நாளாக வெயிலில் அலைந்து தேடிவிட்டாள். முள்ளை வெட்டினாள், குப்பையைக் கிளறினாள், இரண்டு இடத்தில் நாயிடம் கடி வாங்காமல் தப்பினாள். அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த செயின்மேன், "கல்லுக்கெல்லாம் கால் முளைச்சிருச்சு மேடம்" என்றார். கல்லுக்கு எங்கே கால் முளைக்கிறது? பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் இருப்பவர்களுக்குக் கை நீளம், அவ்வளவுதான்.

தண்டவாளத்தைப் பிடுங்கி முப்பது வருடம் ஆகிறது. முதலில் யாரோ ஒருவர் பின்வாசலுக்கு வெளியே ஒரு தொட்டிச் செடி வைத்தார். செடி வாடக் கூடாதே என்று ஒரு பந்தல். பந்தல் தனியாக நிற்கிறதே என்று ஒரு வேலி. வேலி ஆடுகிறதே என்று ஒரு சுவர். பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா? இப்போது வரிசையாக எல்லா வீட்டுக்கும் பின்னால் பன்னிரண்டு அடி கூடுதலாக இருக்கிறது. கேட்டால் "எங்க இடங்க" என்பார்கள், கண் இமைக்காமல்.

அந்தப் பழைய பாதையில் நகராட்சி சைக்கிள் பாதை போடப் போகிறது. அதற்கு எல்லை தெரிய வேண்டும். ஒரு முனையில் பழைய பாலத்தின் மூலை அசையாமல் நிற்கிறது. எல்லையில் அது ஒரு புள்ளி. இடம் மாறாத கல் ஒன்றே ஒன்று கிடைத்தால் இரண்டாம் புள்ளி. பாதை வளைவில்லாதது என்பதால் இரண்டையும் சேர்த்து இழுத்தால் நாலு கிலோமீட்டருக்கும் கோடு வந்துவிடும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு கல்லு காட்டுங்க," என்றார் நகராட்சிப் பொறியாளர், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல். "இல்லேன்னா மெயின் ரோட்டு ஓரமா ஒரு வெள்ளைக் கோடு போட்டு, இதுதான் சைக்கிள் பாதைன்னு போர்டு வச்சிரலாம். லாரிக்காரன் பார்த்து ஓட்டிக்குவான்."

லாரிக்காரன் பார்த்து ஓட்டுவானாம். பொறியாளர் கடைசியாக சைக்கிள் மிதித்தது எந்தக் காலத்திலோ. அவருக்குக் கோடு என்றால் பெயிண்ட்.

சர்வேயருக்கு அப்படி விட முடியாது. அவளுடைய தங்கை நர்ஸ். பாலத்தருகே இருக்கும் மருத்துவமனைக்கு அந்த மெயின் ரோட்டில்தான் சைக்கிளில் போய் வருகிறாள். போன வருடம் ஒரு பஸ் பின்னாலிருந்து தட்டிவிட்டுப் போனது. காறை எலும்பில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடும் வரை அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். எலும்பு கூடியதும் மறுபடியும் அதே ரோடு, அதே சைக்கிள். அவள் வேலை நேரத்துக்கு எந்த பஸ்ஸும் ஒத்து வராது. அவள் திரும்பி வந்து ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்கும் வரை சர்வேயர் தினமும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் வீடு பழைய பாதையின் மறு கோடியில், பாதையை ஒட்டியே இருந்தது. சைக்கிள் பாதை வந்தால் தங்கை பின்வாசலில் ஏறி மருத்துவமனை வாசலில் இறங்கலாம். ஒரு லாரியின் முகத்திலும் விழிக்க வேண்டாம்.

புதன்கிழமை மாலை குடியிருப்போர் சங்கம் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தது. இடம், சங்கத் தலைவர் வீட்டுப் பின்முற்றம். அதாவது ரயில்வே இடத்தில் நாற்காலி போட்டு, ரயில்வே இடத்தைத் தர மாட்டோம் என்று பேசுகிற கூட்டம்.

தலைவர் ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். ஆள் குள்ளம், குரல் பெரிது. முற்றத்தின் நடுவில் சிமெண்ட் தரைக்கு மேலே சாண் உயரம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டார். அப்போதுதான் அவர் தலை மற்றவர்கள் தலைக்குச் சமமாக வந்தது.

ஒவ்வொருவராக எழுந்து கருத்துச் சொன்னார்கள். கருத்தா அது! ஒரு மருந்துக்கடைக்காரர், சைக்கிளில் திருடர்கள் வருவார்கள் என்றார். சைக்கிள் கேரியரில் பீரோவைக் கட்டிக்கொண்டு மிதிக்கும் திருடனை சர்வேயர் நினைத்துப் பார்த்தாள். பாவம், அவனுக்கும் ஒரு தனிப் பாதை வேண்டும்தான். ஒரு மாமி, போகிறவன் வருகிறவனெல்லாம் சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பான் என்றார். அந்தச் சமையலறையில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இன்னொருவர், புதரில் இருக்கும் பாம்புகளும் உயிர்கள்தானே, அவை எங்கே போகும் என்று தழுதழுத்தார். போன மழைக்கு அதே ஆள் ஒரு பாம்பை அடித்து, அதைக் குச்சியில் தூக்கிப் படம் எடுத்து, எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்.

"நாங்க சைக்கிளுக்கு எதிரி இல்லைங்க," என்று முடித்தார் மருந்துக்கடைக்காரர். "எங்க வீட்லயும் மூணு சைக்கிள் இருக்கு. பாதைய மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?"

கொஞ்சம் தள்ளி. சர்வேயர் இந்த வேலைக்கு வந்த பதினாறு வருடத்தில் இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. எல்லாருக்கும் பாதை வேண்டும், எல்லாருக்கும் அது அடுத்தவன் வீட்டுப் பக்கம் வேண்டும்.

தலைவர் கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார். "இது எல்லாம் எங்க இடம். ரயில்வே இடம்னா கல்லு இருக்கணுமில்ல? நாலு நாளா இந்தம்மா தேடுறாங்க. ஒரு கல்லு... ஒரே ஒரு கல்லு காட்டட்டும். நான் வாயை மூடிக்கிட்டு என் சுவரை நானே இடிக்கிறேன்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. அந்த உற்சாகத்தில் தலைவர் காலை ஓங்கி மிதித்தார். செருப்பு நகர்ந்தது. செருப்புக்கு அடியில், கல்லின் தலையில் ஏதோ வெட்டியிருப்பது சர்வேயர் கண்ணில் பட்டது.

"சார், கொஞ்சம் கீழ இறங்குறீங்களா?"

"ஏன் இறங்கணும்? பேசுறதுக்குக் கூட உரிமை இல்லையா?"

"பேசலாம் சார். கீழ நின்னு பேசுங்க."

அவர் முறைத்துக்கொண்டே இறங்கினார். சர்வேயர் குனிந்து, பாசியைக் கட்டைவிரலால் தேய்த்தாள். ஒரு அம்புக்குறி. அதன் கீழே 37.

வரைபடத்தில் முப்பத்தேழாம் கல் அந்த வீட்டுக்கு நேர் பின்னால்தான் இருந்தது. அவள் தேடியதெல்லாம் சுவருக்கு வெளியே. சந்தோஷப்படுவதற்கு முன்னால் அவளுக்குப் பகீரென்றது. எங்கிருந்தோ தூக்கி வந்து நட்ட கல்லாக இருந்தால் அது எல்லைக்குச் சாட்சி ஆகாது. இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தலைவரும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

அதற்குள் அவர் மனைவி தேநீர்த் தட்டோடு வந்துவிட்டார். "அந்தக் கல்லா? துணி காயப்போட நான் ஏறி நிக்கிற கல்லும்மா அது. தரை போடும்போது பிடுங்கிரலாம்னு பார்த்தோம். அஞ்சு ஆளு சேர்ந்து இழுத்தும் ஆடல, அசையல. ஆளு உயரத்துக்குக் கீழ போகுதாம். அப்புறம் இவர்தான், கிடந்துட்டுப் போகட்டும், சுத்தி சிமெண்ட் பூசிருன்னு சொன்னாரு. ஏங்க, நீங்கதானே சொன்னீங்க?"

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. கூடியிருந்த நாற்பது பேரில் ஒருவர் இருமினார். பாம்புக்காக உருகியவர் தேநீரை எடுத்துக்கொண்டு மெல்ல வாசல் பக்கம் நழுவினார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது சர்வேயர் தங்கையிடம் அந்தக் காட்சியை நடித்தே காட்டினாள். தலைவர் மாதிரி முக்காலியில் ஏறினாள், கையைத் தூக்கினாள். "பன்னெண்டு அடி திருடிட்டு, அது மேலயே ஏறி நின்னு நியாயம் பேசுறான். எல்லாம் திருட்டுக் கூட்டம்டி!" தங்கை சிரித்துச் சிரித்துப் புரையேறி, தகடு வைத்த தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சர்வேயர் பாலத்து மூலையையும் கல்லையும் சேர்த்து அளவைக் கருவியில் கோட்டைப் பிடித்தாள். செயின்மேன் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு வீட்டுப் பக்கச் சுவரிலும் எல்லை வெட்டும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் போகும். மாமி அழுதார். மருந்துக்கடைக்காரர், "கொஞ்சம் வளைச்சுப் போட்டா உங்களுக்கென்ன மேடம் குறைஞ்சிரும்?" என்று பல்லைக் காட்டினார். சர்வேயர் கருவியிலிருந்து கண்ணை எடுப்பாள். அவர்களை ஒரு பார்வை பார்ப்பாள். அது போதும், அவரவர் வீட்டுக்குள் போய்விடுவார்கள். அந்தப் பார்வையில் அவளுக்குக் கொஞ்சம் சுகமும் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோடு மறு கோடிக்கு, அவள் தெருவுக்கு வந்தது. முதல் இரண்டு வீட்டிலும் அது எதையும் தொடவில்லை. மூன்றாவது வீடு அவளுடையது. செயின்மேன் நாடாவைப் பிடித்தார், பார்த்தார், மறுபடியும் பிடித்தார்.

"மேடம், நீங்க ஒரு தடவை பார்த்திருங்க."

பார்த்தாள். பின்பக்கத்து அறையை எல்லைக் கோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. பின்மூலையிலிருந்து நாலு அடி உள்ளே.

அது தங்கைக்காகக் கட்டிய அறை. கட்டும்போது சர்வேயர் ஏதோ ஒரு காட்டில் வேலையாக இருந்தாள். கொத்தனார் போன் செய்தார். "மேடம், பின்னாடி கொஞ்சம் இடம் சும்மா கிடக்கு. சேர்த்துக்கிட்டா கட்டில் தாராளமா போடலாம்." அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "சேர்த்துக்கோ." சொல்லிவிட்டு யாருடைய நிலத்தையோ அளக்கப் போய்விட்டாள். ஊரையெல்லாம் அளந்தவள் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு நாள் நாடாவைப் பிடித்ததில்லை.

கருவியை மறுபடியும் வைத்தாள். நாலு அடி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு வைத்தாள். அப்போதும் நாலு அடி.

"அண்ணே," என்றாள். "இங்க பாதை முடியுற இடம்தானே. கடைசியில... கொஞ்சம் தள்ளி..."

சொல்லும்போதே அவள் காதில் விழுந்துவிட்டது. மருந்துக்கடைக்காரரின் அதே இழுவை. செயின்மேன் நிமிர்ந்தார். அவளை ஒரு பார்வை பார்த்தார். நேற்று முழுவதும் அவள் பார்த்த பார்வைதான். பக்கத்திலேயே இருந்து கற்றுக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்து டப்பாவுக்குள் பிரஷைக் கலக்கினார்.

பின்கதவு திறந்தது. இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த தங்கை, சத்தம் கேட்டுத் தலைமுடியை அள்ளி முடிந்தபடி வந்தாள். நாடாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அக்கா முகத்தைப் பார்த்தாள். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"எத்தன அடி?"

"நாலு."

"கட்டில் பக்கமா?"

"ம்."

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "பன்னெண்டு அடின்னா திருட்டுக் கூட்டம். நாலு அடிக்கு என்னக்கா பேரு?"

சர்வேயருக்கு முகம் கொதித்தது. முக்காலியில் ஏறி நின்ற அவள் முகம் அவளுக்கே இப்போது தெரிந்தது. தலைவருக்காவது அந்தக் கல் என்ன சொல்கிறது என்று படிக்கத் தெரியாது. இவளுக்குப் படிக்கத் தெரியும். அதுதான் இவள் பிழைப்பு. வெட்கத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"பிரஷைக் குடுங்கண்ணே," என்றாள். "இத நானே போடுறேன்."

பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தாள். பெயிண்ட் மணிக்கட்டில் வழிந்தது. பின்னால் நகர்ந்து நின்று, சரிதானே என்பது போலச் செயின்மேனைப் பார்த்தாள்.

அவர் நாடாவைச் சுவரில் வைத்துப் பார்த்தார். தயங்கினார்.

"மேடம்... கோடு ரெண்டு விரல் பின்மூலைப் பக்கமா போயிருச்சு."

அவள் பார்த்தாள். ஆமாம். கை தானாகவே இரண்டு விரல் இடத்தை அறைக்குச் சேர்த்துத் தள்ளிப் போட்டிருந்தது. ஈரம் காய்வதற்குள் உள்ளங்கையால் அதை அழுத்தித் துடைத்தாள். சுவரெல்லாம் சிவப்பு அப்பியது. தங்கை நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சர்வேயர் சரியான இடத்தில் மறுபடியும் கோடு போட்டாள்.