மொட்டைமாடியில் கேட்ட மணி

பரமேறுதல் திருநாளன்று செவிலிமேடு சபையின் மொட்டைமாடியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே இல்லாதவர்களும் பிற்பாடு கண்ணால் பார்த்ததுபோலப் பேசினார்கள். போதகர் ஞானமுத்து இருந்தார். டேனியல் இருந்தார். அவர் மனைவி பொன்னியம்மாள், தம்பி ஜெபகுமார், இடுப்பில் குழந்தையோடு மருமகள் சுகாசினி ஆகியோர் இருந்தார்கள். மகனுக்கு ஒரகடத்தில் காலை ஷிப்டு, அவன் வரவில்லை. மற்றபடி சபையார் நாற்பது பேர் இருக்கலாம். மணியடிக்கும் துரைக்கண்ணு மாடிக்கு வரவில்லை, கீழேயே நின்றுகொண்டார். ஏன் என்று டேனியல் கேட்கவில்லை.

அந்த ஆராதனைக்கு ஒரு முறை உண்டு. சீஷர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆண்டவர் மேலே போய் மேகத்துக்குள் மறைந்த பகுதியைப் போதகர் வாசித்து முடிப்பார். அதன்பின் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. டேனியல் முதலில் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்ப்பார். அவருக்குப் பின் சபை நிமிரும். அவர் எப்போது தலையைத் தாழ்த்துகிறாரோ அப்போதுதான் மௌனம் முடியும்.

இந்த உரிமை அந்தக் குடும்பத்துக்குச் சும்மா வந்ததில்லை. டேனியலின் தாத்தா வீரபத்திரன் முசரவாக்கத்தில் பண்ணையாளாக இருந்தவர். ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் பெயரை மாற்றிக்கொள்ளாத மனிதர். அவரைப் போன்ற பண்ணையாட்கள் ஊர்த்தெருவில் தலை நிமிர்ந்து நடந்தால் முதுகுத்தோல் உரிந்த காலம் அது. ஒரு பரமேறுதல் நாளில் களத்துமேட்டில் கூடியிருந்தவர்களை உபதேசியார் வானத்தைப் பார்க்கச் சொன்னார். வரப்பின்மேல் பண்ணைக்காரரின் ஆள் நின்றுகொண்டிருந்தான். ஒரு தலையும் எழும்பவில்லை. கழுத்துகளுக்கு அந்தப் பழக்கமே இல்லை. வீரபத்திரன்தான் நிமிர்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். அவர் தாழ்த்தும்வரை ஒருவரும் தாழ்த்தவில்லை. வரப்பில் நின்றவன்தான் திரும்பிப் போனான்.

தாத்தாவுக்குப் பின் தகப்பனார், அவருக்குப் பின் டேனியல். அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நாற்காலியில்கூடச் சாய்ந்து உட்கார மாட்டார். அந்த மௌனத்தில் அவர் எதையும் வேண்டிக்கொள்வதில்லை. கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் நிற்பதுதான் ஜெபம் என்பது அவர் கட்சி. பார்க்கப் பார்க்கக் கண் கூசி, நீலம் வெளுத்து, வானத்தில் பறவைகூட இல்லாமல் போகும். அப்போது தனக்குள் ஏதோ ஒன்று நிமிர்வதை உணர்வார். அது தாத்தாவின் கழுத்து என்று நினைத்துக்கொள்வார். அந்த இடத்துக்குப் போய்விட்டால் திரும்பி வர அவருக்கு மனம் வராது.

போன வருஷம் அப்படி நின்றபோது பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கத்திரி வெயில். வயிற்றுப் பிள்ளையோடு நின்ற சுகாசினி மயங்கி விழுந்திருந்தாள். டேனியல் தலையைத் தாழ்த்தவில்லை. முடிய வேண்டிய நேரத்தில்தான் மௌனம் முடிந்தது. அதைத் தம் வைராக்கியம் என்றே அவர் எண்ணினார். வீட்டுக்கு வந்து, காலையில் சாப்பிட்டாளா என்று மட்டும் விசாரித்தார்.

இந்த வருஷமும் போதகர் வாசித்தார். டேனியல் நிமிர்ந்தார். சபை நிமிர்ந்தது. வானம் வெளுக்கத் தொடங்கிய நேரம், கீழே மணி அடித்தது.

துரைக்கண்ணு கை தவறிக் கயிற்றை இழுத்துவிட்டார் என்றுதான் டேனியல் முதலில் நினைத்தார். பிறகு காலடிச் சத்தம் கேட்டது. சுடுகின்ற தளத்தில் எல்லோரும் படிக்கட்டை நோக்கி நடந்தார்கள். அந்த நடையில் தயக்கம் இல்லை. மணிக்காகக் காத்திருந்தவர்களின் நடை அது. டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவருக்கு, தன்னைத் தவிர அத்தனை பேருக்கும் இது தெரிந்திருந்தது என்று புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. பொன்னியம்மாள் அவர் பக்கத்தில் வந்து சற்று நின்றாள். பிறகு அவளும் இறங்கிப் போனாள்.

டேனியல் தலையைத் தாழ்த்தவில்லை. பாலாற்றுப் பாலத்தின்மேல் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. இத்தனை வருஷமும் அவர் நினைத்ததெல்லாம் மேலே போனவரின் மகிமையை. கீழே விடப்பட்டவர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை. இன்று அது தெரிந்தது. முன்பைவிட ஆழமான மௌனம்தான். ஆனால் உள்ளே எதுவும் நிமிரவில்லை.

ஜெபகுமார் மேலே வந்தான். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வேலை அவனுக்கு. அன்று முகூர்த்த நாள், சீக்கிரம் போகவேண்டியவன்.

“அண்ணா, கீழ வாங்க. எல்லாரும் சாப்டாம குந்திக்கினு இருக்கறாங்க.”

“மணி அடிக்கச் சொன்னது யாரு?”

“கமிட்டில முடிவு பண்ணதுதாண்ணா. போன வருசம் சுகாசினி வுழுந்ததுலேர்ந்து பேசிக்கினேதான் இருந்தோம்.”

“மொதல்ல கை தூக்குனது யாரு?”

ஜெபகுமார் வேறு பக்கம் பார்த்தான். “அண்ணிதான்.”

டேனியல் அப்போதுதான் தலையைத் தாழ்த்தித் தம்பியைப் பார்த்தார்.

“ஆண்டவரே போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான்பா போனாரு. எங்க வூட்டு ஆளுங்க சொல்லலியே.”

“சொல்றதுக்கு நீங்க எப்பண்ணா வாயத் தொறக்க வுட்டீங்க? மாடில மட்டுமா மௌனம்? வூட்லயும் அதேதான?”

அதன்பின் அவன் குரலைத் தணித்துக்கொண்டு சமாதானம் சொன்னான். குடும்பத்து மரியாதை எங்கேயும் போய்விடவில்லை, அடுத்த வருஷமும் அண்ணன்தான் முதலில் நிமிர வேண்டும், முடிப்பதற்கு மட்டும்தான் மணி என்றான்.

“தலயத் தூக்க நானு, எறக்க துரைக்கண்ணா?”

ஜெபகுமாருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். டேனியல் சிரிக்கவில்லை. அவனைத் தாண்டிப் படிக்கட்டுக்கு நடந்தார்.

கீழே சுகாசினி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“ஏம்மா, நீயாவது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“வுழுந்தப்பவே சொல்லிட்டேனே மாமா,” என்றாள் அவள். குரலில் குத்தல் இல்லை.

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். டேனியல் அவளையும் குழந்தையையும் பார்த்தார். பிறகு டம்ளரை வாங்கிக் குடித்தார். போதகரிடம் போய், இனி முதலில் நிமிர்வதற்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். போதகர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தம் வீட்டாரில் வேறு யார் அந்த இடத்தில் நின்றாலும் சரி, தான் நிற்பதாக இல்லை என்று டேனியல் சொல்லிவிட்டார். பொன்னியம்மாள் பரிமாறிய பொங்கலைச் சாப்பிட்டார். அவளோடு அன்று பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

வெயிலில் நின்று டேனியல் மயங்கி விழுந்துவிட்டார் என்றும், ஜெபகுமாரும் வேறு மூன்று பேரும் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள் என்றும் செவிலிமேடு பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொள்கிறார்கள். அவர் மயங்கவில்லை. அவரை யாரும் தூக்கவில்லை. தம்பிக்கு முன்னால், தம் காலால் இறங்கி வந்தார்.