பாதிச் சவரம்

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களைக் கண்டாலே சலூன்காரருக்கு ஆகாது. தேனொழுகப் பேசிய எத்தனையோ வாய்களைச் சுற்றி அவர் நுரை பூசியிருக்கிறார். ஆனால் இந்தத் தடவை காது கொடுக்காமல் தீராது. ரோட்டை அகலமாக்க அளந்தவர்கள் கடைச் சுவரில் சிவப்புக் கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கோட்டுக்கு முன்னால் உள்ளதெல்லாம் இடிபடும். முன்னால் இருந்தது மொத்தக் கடையும். பின்னால் மிஞ்சுவது ஒரு கதவும் ஒரு வாளியும்.

நேற்று வந்த வேட்பாளர், "கடைக்கு நானே காவல்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான். எதிர் வீட்டுக்குப் போய் ரோடு உறுதி என்றும் அதே நெஞ்சில்தான் அடித்தார்.

இன்று இன்னொரு வேட்பாளரை மச்சினன் கூட்டி வந்தான். அவன் அந்தக் கட்சிக்காரன்.

"மாமா, அண்ணனுக்கு ஒரு ஷேவ். அடுத்த தெருவுல கூட்டம். உங்க கடை விஷயத்த நேராவே கேட்டுக்குங்க."

"உக்காரச் சொல்லு."

வேட்பாளர் உட்கார்ந்தார். கண்ணாடியில் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"போஸ்டர்ல இருக்கற மாதிரி வரணும் பெரியவரே."

"அது போஸ்டர் ஒட்டுறவன் வேலை. நான் முடி எடுக்கறவன்."

சலூன்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான கேள்வியைக் கத்தி தொண்டைக்கு வரும்போதுதான் கேட்பார். அந்த இடத்தில் பொய் சொல்ல எவனுக்கும் எச்சில் ஊறாது. மகளைக் கட்டிக்கொடுக்கும்முன் சம்பந்தியை இதே நாற்காலியில் சாய்த்துவைத்துத்தான், பையன் குடிப்பானா என்று விசாரித்தார்.

வலது கன்னம் முடிந்தது. கத்தி கீழே இறங்கியது.

"உங்களுக்கு எதுக்கு இந்தப் பதவி?"

"மந்திரி ஆகணும்."

மச்சினன் இருமினான். "அண்ணன் மக்கள் சேவையச் சொல்றாரு."

"அதுவும்தான். ஆனா மந்திரி ஆகணும். சின்ன வயசு ஆசை."

சலூன்காரர் கத்தியைத் துடைத்தார். திரும்பவும் தொண்டையில் வைத்தார்.

"என் கடை நிக்குமா?"

"நிக்காது. ஆம்புலன்ஸ் நுழைய முடியாத தெருவு இது. ரோடு வந்தாகணும். உங்களுக்கு வேற இடம் கேட்டு நான் சண்டை போடுவேன். கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

சலூன்காரர் கத்தியை மடக்கினார்.

"நிக்கும்னு சொல்லுங்க. மீதிப் பாதிய வழிக்கறேன்."

மச்சினன் வேட்பாளரின் காதருகே குனிந்தான். "ஒரு வார்த்தைதானேண்ணே, சொல்லிட்டு வாங்க. எழுதியா வாங்கப் போறாரு?"

வேட்பாளர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் வழவழவென்று கன்னம், மறு பக்கம் நுரை. மந்திரி ஆக ஆசைப்பட்ட முகம் அழாத குறையாக இருந்தது. வாய் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு துண்டை எடுத்து நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த தெரு ஒலிபெருக்கியில் முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல்: "சிரிங்க. ஒரு பெரியவர்கிட்ட உண்மைய சொன்னேன். அதுக்குக் கிடைச்ச கூலி இது." கைதட்டல் தெருவைத் தூக்கியது.

"கெட்டிக்காரப்பய," என்றார் சலூன்காரர். "என் பாதிச் சவரத்தயும் ஓட்டாக்கிட்டான்."

கூட்டம் கலைந்ததும் மச்சினன் வந்தான். முகத்தில் பல்லைத் தவிர ஒன்றும் இல்லை.

"கோவமா மாமா? உங்க ஓட்டு போச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"உன்ன யாரு சொல்லச் சொன்னா? அவனுக்குத்தான் போடப் போறேன்."

"கடைய இடிப்பேன்னவருக்கா?"

"நேத்து வந்தவனும் இடிக்கத்தான் போறான். இடிச்சப்புறம் அவன எங்க போய்த் தேடறது? இவன் சட்டையப் பிடிச்சாவது கேக்கலாம், எங்கடா என் இடம்னு."

"பிடிப்பீங்களா?"

"விடுவேன்னு நெனச்சியா? சரி, மார்க்கெட் பின்னால ஒரு ரூம் காலியா இருக்காமே. கிளம்பு, பாத்துட்டு வருவோம். உங்க அண்ணன் சண்டை போட்டு ஜெயிக்கற வரைக்கும் நான் யாருக்குச் சவரம் பண்றது, உனக்கா?"