டுகாஸ் தெருப் பள்ளிக்கு மூன்று வருடம்

ஒரு பள்ளிக்கூடம் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க செயின்ட் ஒடில் பாரிஷ் என்கிற மாவட்டத்தின் கல்வி வாரியம் வைத்திருந்த வழி மிகவும் சுலபமானது. கூட்டத்துக்கு எவர் ஒரே நிறத்தில் டீ-சர்ட் மாட்டி அதிகம் பேரை அழைத்து வருகிறாரோ அவருடையது நல்ல பள்ளி. இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. ஆனால் வாரியத் தலைவர் ஹொலிஸ் தெரியோ மேடையில் உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கூட்டத்தின் நிறத்தைப் பார்ப்பதுதான். பகலில் அவர் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஷூரன்ஸ் விற்பவர். பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அவர்கள் படகில் ஏறினால் பிரீமியம் கூடும் என்பது மட்டுமே.

ஒடெஸ்ஸா மெட்டோயருக்கு இதெல்லாம் அத்துப்படி. டுகாஸ் தெருவில் இருந்த சார்ட்டர் பள்ளிக்கு அவர்தான் தலைமை ஆசிரியை. அரசுப் பணத்தில் ஒரு தனிக் குழு நடத்துகிற பள்ளி. சில வருடங்களுக்கு ஒருமுறை வாரியத்தின் முன்னால் போய் நின்று, இன்னும் கொஞ்ச காலம் இருந்துகொள்கிறோம் என்று அனுமதி கேட்க வேண்டும். இந்த ஜனவரி அவருடைய முறை. வாரியம் கையை விரித்தால் ஜூன் மாதத்தோடு பள்ளிக்குப் பூட்டு.

பள்ளிக்கு மாநிலம் கொடுத்திருந்த தரம் 'டி'. நாலு தெரு தள்ளியிருந்த பிரைட்மார்க் அகாடமிக்கு 'ஏ'. இரண்டு எழுத்துக்கும் காரணம் ஒன்றேதான். படிப்பு ஏறாத பிள்ளை, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை, எதிர்த்துப் பேசுகிற பிள்ளை யாரையும் பிரைட்மார்க் வைத்துக்கொள்ளாது. போ என்று சொல்லவும் சொல்லாது; அது நாகரிகமான பள்ளி ஆயிற்றே. அம்மா வேலை செய்கிற இடத்துக்கு தினமும் போன் வரும். 'உங்க பையன் இன்னைக்கும் சரியில்ல, வந்து கூட்டிட்டுப் போங்க.' வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அம்மாவே ஒரு நாள் பையனின் பெயரை எடுத்துவிடச் சொல்வாள். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பையன் டுகாஸ் தெரு வாசலில் நிற்பான். ஒடெஸ்ஸா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அவர்களுடைய 'ஏ' இவருடைய 'டி'யில் இருந்து வந்ததுதான். ஊரில் இது தெரியாதவர் யாருமில்லை, வாரியத்தில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவரும் யாருமில்லை.

நவம்பரில் வாரியத்திலிருந்து ஒரு பெண்ணும் ஒரு ஆளும் பள்ளியைப் பார்வையிட வந்தார்கள். ஆளுக்கொரு டேப்லெட். வகுப்பில் டெமாரியன் எழுந்து நின்று ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். பத்து வயதுப் பையன், பிரைட்மார்க்கிலிருந்து வந்தபோது தன் பெயரைத் தவிர எதையும் படிக்கத் தெரியாதவன். ஒரு முழுப் பக்கத்தை அவன் முடிப்பது அன்றுதான் முதல் தடவை. கூடப் படிக்கிற பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வந்த பெண் அவன் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தாள்.

"இன்னைக்குப் பாடத்தோட நோக்கம் என்னன்னு போர்டுல எழுதலையே?"

"நோக்கம் அதோ நின்னு படிச்சிட்டு இருக்கு, பாருங்க" என்றார் ஒடெஸ்ஸா.

"போர்டுல இருக்கணும் மேடம். எங்களுக்கு அதான் கணக்கு."

அவள் டேப்லெட்டில் எதையோ தட்டினாள். கூட வந்த ஆள் டெமாரியன் படித்து முடிப்பதற்குள் கழிவறை எங்கே என்று கேட்டுவிட்டான். இந்த இருவரும் சேர்ந்துதான் ஒரு பள்ளியின் தலையெழுத்தை எழுதப் போகிறார்கள்.

டிசம்பரில் பரிந்துரை வந்தது. டுகாஸ் தெருப் பள்ளியின் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டாம், அதன் கட்டடத்தை பிரைட்மார்க்குக்குக் கொடுக்கலாம். பழைய காலத்துச் செங்கல் கட்டடம், பின்னால் பெரிய கூடைப்பந்து அரங்கம். அந்த அரங்கத்தின் மேல் பிரைட்மார்க்கின் இயக்குநர் பிரென்ட் ஆல்டனுக்கு இரண்டு வருடமாகக் கண். அவர் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர். மரியாதைக்குச் சிரிப்பார், மரியாதைக்குத் தலையாட்டுவார், கைகொடுக்கும்போது உங்கள் பெயரை இரண்டு தடவை சொல்வார், மறுநாள் மறந்துவிடுவார்.

ஒடெஸ்ஸா பெற்றோரைக் கூட்டிப் பேசினார்.

"மதிப்பெண்ண வச்சு அவங்ககிட்ட ஜெயிக்க முடியாது. ஹொலிஸ் கண்ணுக்குக் கலர் மட்டும்தான் தெரியும். அதனால எல்லாரும் ஒரே கலர்ல வாங்க."

"நீங்க டீ-சர்ட் அடிச்சுத் தருவீங்களா மிஸ் ஒடெஸ்ஸா?" என்று கேட்டாள் ஷெரெல். டெமாரியனின் அம்மா; ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, வாயில் எப்போதும் ஒரு கேலி.

"அதுக்கு வழியில்ல செல்லம். எல்லார் வீட்லயும் இருக்கிற கலரா பாத்து நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க."

இதைவிட மடத்தனமான பேச்சைத் தன் வாழ்நாளில் தான் பேசியதில்லை என்று கூட்டத்தன்று அவருக்குத் தோன்றியது. கதவைத் திறந்துகொண்டு டுகாஸ் தெருத் தாய்மார் உள்ளே வந்தார்கள். தகப்பன்மார் சிலரும் வந்தார்கள். அத்தனை பேரும் பளீரென்ற ஆரஞ்சு நிறம். அத்தனை பேர் முதுகிலும் 'நாங்கள் பிரைட்மார்க்!' என்ற எழுத்து.

ஒடெஸ்ஸா விரைந்து போய் ஷெரெலை ஓரமாக இழுத்தார்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க, எல்லார்கிட்டயும் இருக்கிற கலர்னு? வீடு வீடா கேட்டுப் பாத்தோம். எல்லார் வீட்லயும் இருந்தது இது ஒண்ணுதான். பிரைட்மார்க்ல சேத்துக்கிட்ட அன்னைக்கே ஃப்ரீயா குடுத்தானே, அம்மாவுக்கு ஒண்ணு புள்ளைக்கு ஒண்ணுன்னு. புள்ளைய வெளிய அனுப்பினப்ப டீ-சர்ட்ட திருப்பிக் கேக்கல." ஷெரெல் தன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். "நான் இதுல தரை தொடைச்சிட்டு இருந்தேன். நல்லா துவைச்சுதான் போட்டிருக்கேன்."

ஒடெஸ்ஸாவுக்கு அடிக்கத் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. ஒரே வாசலில் துரத்தப்பட்டவர்கள் இத்தனை பேரா? கூட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்; அவர் ஒவ்வொருவராகத்தான் சேர்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் கார்னிவல் காலத்து கிங் கேக் வெட்டித் தயாராக இருந்தது. ஜனவரி பிறந்தால் அது இல்லாமல் அந்த வாரியம் எதையும் முடிவு செய்யாது. ஹொலிஸ் தெரியோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக் கூட்டத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. முதல் வரிசையில் இருந்த பிரென்ட் ஆல்டனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். ஆல்டன் திரும்பிப் பார்த்தார். தான் யாரையும் அழைத்து வரவில்லையே என்று ஒரு கணம் விழித்தார். பிறகு, தானாக வருகிற பாராட்டை எதற்கு விடுவது என்று பின்னால் பார்த்துக் கையசைத்தார். ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை அவருக்கு.

ஷெரெல்தான் முதலில் மைக் முன்னால் போனாள். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

"என் பையன் பேரு டெமாரியன். இந்த டீ-சர்ட் குடுத்த ஸ்கூல்ல அவன் ரெண்டு வருசம் இருந்தான். தினம் எனக்கு போன் பண்ணுவாங்க. சூப்பர்வைசர் முன்னாடி நின்னு கெஞ்சிட்டு ஓடுவேன். அங்க அவனுக்கு ஒரு எழுத்துகூட சொல்லித் தரல. டுகாஸ் தெருவுலதான் அவன்..."

"அய்யோ! எனக்குத்தான் வந்துச்சு!" என்று மேடையில் ஒரு குரல். வாரிய உறுப்பினர் மிஸ் யூலாவின் கேக் துண்டுக்குள், கிங் கேக்கில் ஒளித்து வைக்கிற சின்ன பிளாஸ்டிக் குழந்தை இருந்தது. குழந்தை யாருக்கு வருகிறதோ அவர்தான் அடுத்த வாரக் கேக் வாங்க வேண்டும். "அடுத்தது உன் செலவு யூலா!" "போன தடவையும் அவதான்!" என்று மேடை முழுவதும் சிரிப்பு. வாய் நிறையக் கேக்கோடு ஹொலிஸும் சிரித்தார். ஷெரெல் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். உண்மையான குழந்தையைப் பற்றி ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் குழந்தைக்குக் கைதட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது? மணி அடித்தது.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் ஹொலிஸ், உதட்டிலிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு. "பிரைட்மார்க் மேல உங்களுக்கு இருக்கிற பாசம் எங்களுக்குப் புரியுது."

"நான் சொன்னது அது இல்லையே மிஸ்டர் ஹொலிஸ்!"

"டைம் முடிஞ்சிருச்சு செல்லம். உக்காருங்க."

அடுத்து மூன்று தாய்மார் பேசினார்கள். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள், எல்லாருக்கும் அதே நன்றிதான் கிடைத்தது. காதால் கேட்பது என்ற பழக்கமே அந்த மேடையில் எவருக்கும் கிடையாது.

பிறகு ஹொலிஸ் தெரியோ தொண்டையைச் செருமிக்கொண்டார். தனக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது என்பதை ஊருக்கெல்லாம் அறிவிக்கிற செருமல்.

"எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. பேசறவங்க பட்டியல்ல பாத்தேன், டுகாஸ் தெருப் பெற்றோர் அவங்களாவே பிரைட்மார்க் சட்டை போட்டு வந்து நிக்கிறாங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அதனால தீர்மானத்துல ஒரு சின்ன திருத்தம். கட்டடத்த மட்டும் இல்ல, புள்ளைங்களையும் சேத்தே பிரைட்மார்க்குக்குக் குடுத்துடலாம். ஒருத்தர் விடாம. ஆகஸ்ட்லேர்ந்து."

கூட்டத்தில் யாரோ விம்முவது ஒடெஸ்ஸாவுக்குக் கேட்டது. பள்ளி போயிற்று, பிள்ளைகள் எந்த வாசலில் அவமானப்பட்டார்களோ அதே வாசலுக்குப் போகப் போகிறார்கள். அப்போதுதான் தற்செயலாக ஆல்டனின் முகம் கண்ணில் பட்டது. காய்ச்சல்காரன் முகம்போல வெளுத்திருந்தது.

உடனே புரிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடத்தில் பிரைட்மார்க்கும் இதே மேடை முன்னால் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். ஆகஸ்டில் இந்தப் பிள்ளைகள் அங்கே போனால் வசந்தகாலப் பரீட்சையை அங்கேதான் எழுதுவார்கள். பொறுக்கிப் பொறுக்கி வெளியே தள்ளியது அத்தனையும் ஒரே நாளில் வீடு திரும்பும். 'ஏ' எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. இனிமேல் போன் செய்து விரட்டவும் முடியாது. வாரியமே கையில் கொடுத்த பிள்ளைகள்.

ஒடெஸ்ஸா எழுந்து மைக் முன்னால் போனார். எழுதி வைத்திருந்த பேச்சைப் பையிலேயே விட்டுவிட்டார்.

"தலைவர் சொல்றதுக்கு நான் குறுக்க நிக்கப் போறதில்ல" என்றார். பின்னால் ஷெரெல் 'மிஸ் ஒடெஸ்ஸா!' என்று பதறியது காதில் விழுந்தது. "மிஸ்டர் ஆல்டன், இந்தப் புள்ளைங்கள நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தவே வேணாம். டெமாரியன், கீஷான், ரெட்டைப் புள்ளைங்க ரெண்டு பேரு, நாற்காலிய தூக்கி எறிஞ்ச ப்ரிசில்லா... எல்லாரும் உங்க பழைய புள்ளைங்கதான். ஒருத்தர் விடாம கூட்டிட்டு வந்து விடறேன். முதல் நாள் நானே வாசல்ல நிப்பேன்."

ஆல்டன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"ஒரு நிமிஷம், தலைவர் அவர்களே. எங்களுக்கு... இடம் பத்தாது."

"அதுக்குத்தானே, பிரென்ட், கட்டடம் கேட்டீங்க?" என்றார் ஹொலிஸ், உண்மையாகவே குழம்பிப்போய்.

"இல்ல, அதாவது..." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஒரு வருடமாக மூடச் சொல்லி வாரியத்தின் காதைக் கடித்த அதே வாய் பேசத் தொடங்கியது. டுகாஸ் தெரு தனித்தன்மை வாய்ந்த பள்ளியாம். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சூழல்தான் ஏற்றதாம். மிஸ் மெட்டோயரின் அர்ப்பணிப்பைப் பார்த்து அவர் எத்தனையோ தடவை கண்கலங்கியிருக்கிறாராம். இப்படிப்பட்ட பள்ளியை மூடினால் ஊர் தாங்காதாம். அரங்கம்கூட உடனே வேண்டியதில்லையாம்.

"அப்ப புதுப்பிக்கச் சொல்றீங்களா?"

"மனசார சொல்றேன்!"

'ஏ' வாங்கிய பள்ளியின் இயக்குநரே சொல்லிவிட்டாரே. வாரியம் தலையாட்டியது. மூன்று வருடத்துக்குப் புதுப்பிப்பு, எதிர்ப்பே இல்லை. மிஸ் யூலா ஒரு கையில் பிளாஸ்டிக் குழந்தையை வைத்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கினார். டிசம்பரில் மூட வேண்டிய பள்ளியாக இருந்தது ஜனவரியில் எப்படி நல்ல பள்ளி ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றபோது ஒடெஸ்ஸாவுக்குத் தரையில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஜெயித்தவருக்கு வர வேண்டிய உணர்ச்சி அது இல்லை. ஆனால் வேறெதுவும் வரவில்லை. ஷெரெல் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"நம்ம ஸ்கூல அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சா மிஸ் ஒடெஸ்ஸா?"

"இல்ல செல்லம். நம்ம புள்ளைங்கள ஆல்டன் வேண்டாம்னுட்டான். அதனால நாம இருக்கோம்."

ஷெரெல் கையை எடுத்தாள்.

"வீட்ல டெமாரியன் கேப்பான், ஏன் மூடாம விட்டாங்கன்னு. என்ன சொல்லட்டும்?"

"ஜெயிச்சிட்டோம்னு சொல்லு."

"நம்ப மாட்டான். படிக்கத்தான் அவனுக்கு லேட்டாச்சு. யாரு தன்னை வேண்டாங்கிறாங்கன்னு அவனுக்கு எப்பவோ தெரியும்."

ஷெரெல் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, மேலே போட்டிருந்த ஆரஞ்சு டீ-சர்ட்டைத் தலைவழியாகக் கழற்றினாள். பக்கத்தில் குப்பைத்தொட்டி இருந்தது. அதைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், பிறகு நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள். "மூணு வருசம் கழிச்சு மறுபடியும் வேணும்."