உட்கார்ந்ததும் சேர்த்தி

வேதாச்சலம் உட்கார்ந்தே சம்பாதித்த மனுஷன். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் என்கொயரி கூண்டுக்குள் உட்கார்ந்து, "திருப்பதி வண்டி இப்பதாம்மா போச்சு, அடுத்தது வரும், நில்லு" என்று சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனவர். மனைவி யசோதா போன பிறகு வீட்டிலும் அதே உட்காரல்தான். விசாரிக்கத்தான் ஆளில்லை.

மகள் கீர்த்தி திருப்பதியில் இருக்கிறாள். பேங்க் வேலை, புருஷன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. அந்தண்டை இந்தண்டை என்று ஒன்றும் தூரமில்லை, பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரம். ஆனாலும் வேதாச்சலம் போகமாட்டார். மாப்பிள்ளை வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்து, தனக்காக அவர்கள் டிவி சத்தத்தைக் குறைப்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்காது. கீர்த்திக்கோ ஞாயிற்றுக்கிழமை வந்தால் துணி துவைக்கவே பொழுது சரியாகிவிடும்.

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அவள் ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினாள். கையில் கட்டிக்கொண்டால், நடையும் வேலையுமாக உடம்பு எத்தனை கலோரி எரித்தது என்று சொல்லும். அவருக்கு மட்டுமா? திருப்பதியில் அவள் போனிலும் காட்டிக்கொடுக்கும்.

முதல் நாள் சாயங்காலமே போன் வந்துவிட்டது.

"இன்னா நைனா, பொழுதுக்கும் உக்காந்துக்கினே இருந்தியா? ஒண்ணுமே எரியலியே!"

"கடைக்குப் போனேனேம்மா."

"எந்தக் கடைக்கு, எதிர்வீட்டுக் கடைக்கா? சோத்த துன்ன வேண்டியது, அப்படியே சாய வேண்டியது! நாளைக்கு நடக்கலன்னா நானே பஸ் ஏறி வந்துடுவேன், பாத்துக்கோ."

வேதாச்சலத்துக்கு வயிறு குளிர்ந்துபோனது. அவள் வாயால் இத்தனை வார்த்தை கேட்டு எவ்வளவு நாளாச்சு! இதற்கு முன்னெல்லாம் "துன்னியா, மாத்திரை போட்டியா, வெச்சுடறேன்" அவ்வளவுதான்.

மனுஷன் விவரமானவர். மறுநாளும் அசையாமல் உட்கார்ந்தார். மறுநாளும் திட்டு வந்தது. அப்புறம் தினமும் அதே பிழைப்பு. கால் மரத்துப்போகும், போகட்டும் என்று விடுவார். சாயங்காலமானால் போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொள்வார். ஒருநாள் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய், க்யூவில் சுற்றிச் சுற்றி நன்றாக நடந்து தொலைத்துவிட்டார். அன்றைக்குக் கட்டைவிரல் படம் ஒன்றுதான் வந்து விழுந்தது, பேச்சு வரவில்லை. பிள்ளையார் மேலேயே கோபம் வந்துவிட்டது அவருக்கு.

திடீரென்று ஒருநாள், நாற்காலியை விட்டு எழாமல் இருந்தும், வாட்சில் எண் விறுவிறுவென்று ஏறியது. சாயங்காலம் கட்டைவிரல். மறுநாளும் கட்டைவிரல். அந்த வாரம் முழுக்கப் போன் அடிக்கவே இல்லை. வீடு கம்மென்று கிடந்தது. அவர் ஒரே ஒருமுறை இருமினார், அது அவருக்கே பெரிய சத்தமாகக் கேட்டது.

செல்போன் கடை சுனிலிடம் போனார். "வாட்ச் கெட்டுப்போச்சுப்பா, பாரு."

சுனில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கெடல சார். சும்மா உக்காந்தாலும் மூச்சு வுடறோம், துன்னது செரிக்குது, அதுக்கும் கலோரி செலவாவுது. இப்ப அதையும் சேத்துக் காட்டுது. நல்லதுதான?"

"இன்னா நல்லது? உக்காந்துக்கினு இருக்கறதெல்லாம் ஒரு வேலையா? எடுத்துடு அத."

"எல்லாரும் நெம்பர் ஏறணும்னு வருவாங்க, நீங்க எறங்கணும்னு வரீங்களே!" சுனில் சிரித்தான். "என்னால ஆவாது சார். செட்டிங் உங்க பொண்ணு போன்ல இருக்குது. அவங்கதான் மாத்தியிருக்காங்க."

கடைப் படியிலேயே நின்றுவிட்டார் வேதாச்சலம். பெத்த அப்பனைத் திட்டக்கூட அலுத்துப்போச்சா அவளுக்கு? பேங்க் நேரத்தில் ஒருநாளும் கூப்பிடாதவர், அங்கேயே நின்று கூப்பிட்டார்.

"கீர்த்தி, அந்த வாட்ச்ல நீ இன்னாத்தம்மா மாத்தின?"

"ஓ, அதுவா நைனா..." அவள் குரல் இறங்கியது. "அம்மாவும் இல்ல, தனியா கெடக்கற மனுஷன். நானும் போன் போட்டு தெனம் திட்டிக்கினே இருந்தா? வெச்சுட்டு நான் அழுவேன், தெரியுமா? உக்காந்தாலும் எரியுதுன்னு படிச்சேன். செரி, அதையும் சேத்துக்குவோம், இனிமேலாவது உன்ன நிம்மதியா வுட்டுடலாம்னு..."

வேதாச்சலம் அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நைனா? லைன்ல இருக்கியா?"

"கழிச்சுடும்மா" என்றார். "உக்காந்ததக் கழிச்சுடு. இன்னிக்கும் நான் ஒண்ணுமே செய்யல. திட்டு."